முப்பது லட்சம் பேரிலிருந்து ஒரு அணி: பில்பாவோவின் அத்லெட்டிக் கிளப்

2018 ஜனவரி கடைசி வாரம். மான்செஸ்டர் சிட்டி 6.5 கோடி யூரோ கட்டி, ஸ்பெயினின் பில்பாவோ நகரத்துக் கால்பந்து அணியான அத்லெட்டிக் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் எய்மரிக் லபோர்த்தைக் கூட்டிக்கொண்டு போனது. நடுத் தடுப்பில் நின்ற ஆள் போய்விட்டார், கையில் பெரிய தொகை இருக்கிறது. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் பிரேசிலில் ஒரு பெயர், பிரான்சில் ஒரு பெயர் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அத்லெட்டிக் பக்கத்து ஊருக்குப் போனது. பரம எதிரியான, சான் செபஸ்தியான் நகரத்து ரியால் சொசியதாத்திடமிருந்து இன்யீகோ மார்த்தினெஸை 3.2 கோடி யூரோவுக்கு அதே வாரம் வாங்கிவந்தது. விலை கூடுதல் என்று பலரும் சொன்னார்கள். கூடுதல்தான். ஆனால் அவர்கள் வாங்கக்கூடிய அதே தரத்து ஆட்டக்காரர் அன்றைக்கு உலகத்தில் இன்னொருவர் இருந்தாரா என்பதே சந்தேகம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. அத்லெட்டிக் கிளப்புக்கு ஆட வேண்டுமென்றால் பாஸ்க் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஆட்டம் கற்றிருக்க வேண்டும். ஸ்பெயின் பக்கம் பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா, நவாரா. பிரான்ஸ் பக்கம் மூன்று சிறு மாகாணங்கள். எல்லாம் சேர்த்து முப்பது லட்சம் பேர் சொச்சம். இதற்குள்ளிருந்து எடுத்த ஆட்களை வைத்துக்கொண்டு, 1929இல் ஸ்பெயின் லீக் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு முறைகூட முதல் பிரிவிலிருந்து இறங்காத கிளப் இது. அந்தப் பெருமை உள்ள மற்ற இரண்டும் ரியால் மாட்ரிட், பார்சிலோனா. லீக் பட்டம் 8. ஸ்பெயினின் மன்னர் கோப்பை 25 என்று கிளப் சொல்லும். 1902இல் வென்ற முடிசூட்டு விழாக் கோப்பையை ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு சேர்க்காததால் அதிகாரபூர்வக் கணக்கு 24.

இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "மண்ணின் மைந்தர்கள்" கதையாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. விதி ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் நூறு வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. அதற்குக் கீழே ஒரு பட்டறை, ஒரு பணக்கணக்கு, ஒரு உரிமை ஏற்பாடு என்று மூன்றும் இருக்கின்றன. விதியும் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவுக்கு இறுக்கமானது இல்லை.

ஆங்கிலப் பெயர், ஆங்கிலச் சட்டை

முதலில் பெயர். 'அத்லெட்டிக் பில்பாவோ' என்று நாம் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் ரசிப்பதில்லை. பெயர் வெறும் அத்லெட்டிக் கிளப். ஸ்பானிஷ் மொழியின் 'அத்லெத்திகோ' கூட இல்லை, ஆங்கிலச் சொல் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பில்பாவோ இரும்புத் தாதும் கப்பல் கட்டும் துறையுமாக இருந்த ஊர். தாது ஏற்றிப்போன கப்பல்களில் பிரிட்டிஷ் தொழிலாளர்கள் வந்தார்கள், பந்தும் வந்தது. இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பணக்கார வீட்டுப் பையன்களும் திரும்பும்போது அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். கிளப் தன் தொடக்கமாகச் சொல்வது 1898.

சட்டை விஷயம் இன்னும் வேடிக்கை. முதலில் நீலமும் வெள்ளையும் போட்டிருந்தார்கள். இங்கிலாந்துக்குப் போன ஹுவான் எலோர்துய் என்பவரிடம் புதுச் சட்டைகள் வாங்கிவரச் சொன்னார்களாம். கேட்ட நிறத்தில் தேவையான அளவு கிடைக்கவில்லை. கப்பல் ஏறுகிற ஊர் சவுத்தாம்ப்டன். அங்கே அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள் கிடைத்தன, அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். 1910 முதல் அதுதான் சட்டை. மாட்ரிட்டில் படித்த பாஸ்க் மாணவர்கள் 1903இல் தொடங்கிய கிளை அணியும் அதே கோட்டுக்கு மாறியது. இன்றைய அத்லெத்திகோ மாட்ரிட் அந்தக் கிளைதான். ஆக, உலகத்திலேயே உள்ளூர்த்தன்மைக்குப் பேர்போன கிளப்பின் பெயரும் இங்கிலாந்துச் சரக்கு, சட்டையும் இங்கிலாந்துச் சரக்கு.

தொடக்க அணிகளில் ஆங்கிலேயர்கள் ஆடினார்கள். 1911 கோப்பைப் போட்டியில் அத்லெட்டிக் ஆங்கிலேயர்களை இறக்கியது பற்றி சான் செபஸ்தியான் தரப்பு புகார் கிளப்பியது. அந்தத் தகராறின் தொடர்ச்சியாக வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. மற்ற கிளப்புகள் பின்னால் அதைத் தளர்த்திக்கொண்டன. அத்லெட்டிக் அந்தப் பக்கமே திரும்பவில்லை. 1912 முதல் உள்ளூர்க்காரர்கள்தான். பெரிய கொள்கை அறிவிப்பு எதுவும் செய்து இதைத் தொடங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு சச்சரவில் ஆரம்பித்தது, பழக்கமானது, அப்புறம் அதுவே அடையாளமாகிவிட்டது.

1913இல் சான் மமேஸ் மைதானம் திறந்தார்கள். சிங்கங்களுக்கு முன்னால் தள்ளப்பட்டும் அவை தீண்டாமல் விட்ட புனிதர் மமேஸின் பெயர் அது. அதனால்தான் ஆட்டக்காரர்களுக்குச் 'சிங்கங்கள்' என்று பெயர். அங்கே முதல் கோல் போட்டவர் ரஃபயேல் மொரேனோ, எல்லோருக்கும் தெரிந்த பெயர் பிச்சிச்சி. 1922இல், 29 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார். 1926இல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். சான் மமேஸுக்கு முதல்முறையாக ஆட வரும் எந்த அணியின் தலைவரும் ஆட்டத்துக்கு முன்னால் அந்தச் சிலைக்கு ஒரு மலர்க்கொத்து வைக்க வேண்டும். இது வழக்கம். ஸ்பெயின் லீக்கில் அதிக கோல் போடுகிறவருக்கு மார்கா நாளிதழ் ஆண்டுதோறும் தரும் விருதுக்கும் அவர் பெயர்தான்.

ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு, பயிற்சியாளருக்குக் கிடையாது. 1920களில் வந்த ஃப்ரெட் பென்ட்லண்ட் ஆங்கிலேயர். வாயில் சுருட்டு, தலையில் பவுலர் தொப்பி. நீளமாகத் தூக்கி அடித்து ஓடுகிற ஆட்டத்தை மாற்றி, குட்டிக் குட்டிப் பாஸ்களாக ஆடச் சொல்லிக்கொடுத்தார். பெரிய வெற்றி கிடைத்தால் பையன்கள் அவர் தொப்பியைப் பிடுங்கிப் போட்டு மிதிப்பார்கள். அந்த ஆள் எத்தனை தொப்பி வாங்கியிருப்பார் என்று யாராவது கணக்கு எடுத்திருக்க வேண்டும். 1929-30இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் பட்டம். அடுத்த பருவத்தில் பார்சிலோனாவை 12-1. அதில் பாட்டா ஒருவரே 7 கோல். பார்சிலோனாவின் வரலாற்றில் இன்றைக்கும் அதுதான் மிகப் பெரிய தோல்வி.

உள்நாட்டுப் போர் அந்தத் தலைமுறையைச் சிதறடித்தது. 1937இல் பாஸ்க் அரசு ஒரு அணியைச் சேர்த்து ஐரோப்பாவுக்கு ஆட அனுப்பியது. பில்பாவோ சர்வாதிகாரி ஃபிராங்கோவின் கையில் விழுந்தது, ஆட்டக்காரர்களில் பலர் பயணம் தொடர்ந்து போன மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார்கள். ஊருக்கு மிச்சம் அனுபவமில்லாத பையன்கள்தான். அவர்களில் ஒருவர்தான் தெல்மோ சர்ரா. லீக்கில் 251 கோல்; 2014இல் மெஸ்ஸி தாண்டும்வரை அந்தச் சாதனை அப்படியே நின்றது. அந்நியச் சொற்கள் கூடாது என்ற ஃபிராங்கோ ஆட்சி 1941இல் பெயரை 'அத்லெத்திகோ பில்பாவோ' என்று மாற்ற வைத்தது. பழைய பெயர் திரும்பக் கிடைக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. ஃபிராங்கோ இறந்து ஓராண்டு கழித்து, 1976 டிசம்பர் 5 அன்று, இன்னும் சட்டப்படி அனுமதிக்கப்படாத பாஸ்க் கொடியை அத்லெட்டிக்கின் கோல்கீப்பர் இரிபாரும் ரியால் சொசியதாத்தின் கோர்தபாரியாவும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்கள். அந்த ஆட்டத்தில் அத்லெட்டிக் 5-0 என்று உதை வாங்கியது. அதை யாரும் இப்போது பேசுவதில்லை.

கோடு எங்கே இருக்கிறது?

சரி, யார் பாஸ்க்? கிளப்பின் சட்டதிட்டத்தில் இப்படி ஒரு விதியே கிடையாது என்பார்கள். மரபு, அவர்கள் சொல்லில் 'தத்துவம்'. எழுதி வைக்காததில் ஒரு வசதி இருக்கிறது. கோட்டை நகர்த்துவதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை.

நகர்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் பிஸ்காயா மாகாணத்துக்காரர்கள் என்றுதான் இருந்தது. அப்புறம் மற்ற பாஸ்க் மாகாணங்கள், நவாரா. 1996இல் பிரான்ஸ் பக்கத்து பாஸ்க் நாட்டில் பிறந்த லிசராசு வந்தார். வெனிசுவேலாவில் பாஸ்க் பெற்றோருக்குப் பிறந்து சின்ன வயதிலேயே பிஸ்காயாவுக்கு வந்துவிட்ட அமொரெபியேத்தா பல ஆண்டுகள் தடுப்பில் நின்றார், பின்னால் வெனிசுவேலா தேசிய அணிக்கும் ஆடினார். 2011இல் ஹொனாஸ் ரமால்யோ களமிறங்கினார். அங்கோலாத் தந்தைக்குப் பிறந்த பையன், கிளப்பின் முதல் கறுப்பின ஆட்டக்காரர். தொடக்கத்தில் சொன்ன லபோர்த்? அவர் பிறந்த ஆஜான் நகரம் பாஸ்க் நாட்டிலேயே இல்லை. பயோன் நகரத்துக் கிளப்பில் ஒரு வருஷம் ஆடிவிட்டு 2010இல் அத்லெட்டிக்கின் இளையோர் அணிக்கு வந்தார். அங்கே ஆட்டம் கற்றார், போதும்.

பிறப்பு என்ற அளவுகோல் மெல்ல மெல்ல வளர்ப்பு என்ற அளவுகோலாகிவிட்டது. "இது இனப் பாகுபாடு இல்லையா" என்ற கேள்விக்கு இன்று பதில் சொல்வது முன்னைவிட எளிது. ஆனால் முதல் கறுப்பின ஆட்டக்காரர் வர 2011 வரை ஆனது ஏன் என்ற கேள்வியை அந்தப் பதிலால் மூடிவிட முடியாது. பாஸ்க் நாட்டுக்குக் குடியேற்றம் தாமதமாக வந்தது என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணமா என்றால், நான் தலையாட்ட மாட்டேன்.

அக்கம்பக்கத்துக் கிளப்புகளின் புகார் வேறு மாதிரி. முப்பது லட்சம் பேருக்குள்தான் பொறுக்க வேண்டும் என்றால், பாம்ப்லோனாவின் ஒசாசுனாவும் ரியால் சொசியதாத்தும் வளர்த்த பிள்ளைகள் மேல்தான் கண் போகும். 1995இல் ரியால் சொசியதாத்திலிருந்து 17 வயது எச்செபெரியாவைக் கொண்டுவந்தபோது இரண்டு கிளப்புகளுக்கும் இடையே பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்குக் கசப்பு. அந்த எச்செபெரியா பதினைந்து பருவம் ஆடி, கடைசிப் பருவத்தில் சம்பளமே வாங்காமல் ஆடிவிட்டுப் போனார் என்பது இன்னொரு கதை. ரியால் சொசியதாத்தும் முன்பு இதே கொள்கையில்தான் இருந்தது. 1989இல் லிவர்பூலிலிருந்து ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கியதோடு அதைக் கைவிட்டது.

குவாரியும் கல்லாப்பெட்டியும்

ஸ்பெயினில் ஒரு கிளப்பின் இளையோர் அமைப்பைக் 'கந்தேரா' என்பார்கள். கல்குவாரி என்று பொருள். சுரங்கம் தோண்டிப் பிழைத்த பிஸ்காயாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. அத்லெட்டிக்கின் குவாரி, பில்பாவோவுக்கு வெளியே லெசாமா என்ற கிராமத்தில் 1971 முதல் இருக்கிறது. பழைய சான் மமேஸை இடித்தபோது அதன் கூரைக்கு மேல் நின்ற பெரிய இரும்பு வளைவை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். முதல் அணிக்குக் கீழே பில்பாவோ அத்லெட்டிக், அதற்கும் கீழே பாஸ்கோனியா என்று படிகள். சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் கிளப்புகளோடு ஒப்பந்தம். ஏதோ ஒரு ஊர்ப் பள்ளி மைதானத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் நன்றாகப் பந்து தள்ளினால், அந்தச் செய்தி லெசாமாவுக்கு எட்டாமல் இருக்காது.

பணக்கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஸ்பெயின் சட்டப்படி, ஒப்பந்தத்தில் குறித்த விடுவிப்புத் தொகையைக் கட்டிவிட்டால் ஆட்டக்காரர் வெளியேறலாம். மற்ற கிளப்புகள் அந்தத் தொகையை ஏலத்தின் மேல்வரம்பாக வைத்து, கீழே எங்காவது பேரம் முடிப்பார்கள். அத்லெட்டிக் பேரமே பேசுவதில்லை. முழுத்தொகை, இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். பிடிவாதமாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை: போகிறவருக்குப் பதில் ஆள் சந்தையில் கிடைக்கமாட்டார், அதனால் பேரத்தில் விட்டுக்கொடுத்து வாங்குகிற பணத்துக்கு இங்கே மதிப்புக் குறைவு. ஒசாசுனாவிடம் 60 லட்சம் யூரோவுக்கு வாங்கிய ஹாவி மார்த்தினெஸுக்கு 2012இல் பயர்ன் மியூனிக் 4 கோடி கட்டியது. 2014இல் ஆந்தெர் எரேராவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் 3.6 கோடி. லபோர்த்துக்கு 6.5 கோடி. அதே 2018 ஆகஸ்டில் கோல்கீப்பர் கெப்பாவுக்குச் செல்சி 8 கோடி. ஒரு கோல்கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. நான்கு பேரில் 22.1 கோடி யூரோ.

இந்த முறைக்கு ஓட்டையும் உண்டு. ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து சும்மா நடந்துபோகிறவரை ஒன்றும் செய்ய முடியாது. 2013இல் ஃபெர்னாந்தோ யொரெந்தே அப்படித்தான் யுவெந்துஸுக்குப் போனார்.

உரிமை யாரிடம்? 1990 விளையாட்டுச் சட்டம் ஸ்பெயினின் தொழில்முறைக் கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. கணக்கு நேராக இருந்த நான்கு கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு: ரியால் மாட்ரிட், பார்சிலோனா, ஒசாசுனா, அத்லெட்டிக். இங்கே உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து ஒரு முதலாளி வந்து, "இந்தப் பழங்கதையெல்லாம் வேண்டாம், நாளைக்கே இரண்டு பிரேசில்காரர்களை வாங்குங்கள்" என்று சொல்ல வழியில்லை. கொள்கை பிழைத்திருப்பதற்கு உணர்ச்சியைவிட இந்த ஒரு சட்ட விலக்குதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதற்காகத் தன் காலிலேயே நிற்கிற கிளப் என்று படம் காட்டவும் வேண்டாம். 2013இல் திறந்த, 53,000 பேர் அமரும் புதிய சான் மமேஸில் பாஸ்க் அரசு, மாகாண நிர்வாகம், நகராட்சி என்று பொதுப்பணம் நிறையவே கலந்திருக்கிறது.

பெண்கள் அணி 2002இல் வந்தது. விதி அவர்களுக்கும் ஒன்றுதான். இதுவரை ஐந்து லீக் பட்டம். 2019 ஜனவரியில் அத்லெத்திகோ மாட்ரிட்டுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தைச் சான் மமேஸில் வைத்தபோது வந்தவர்கள் 48,121 பேர்.

நாற்பது வருஷம்

விதிக்குக் கொடுத்த விலை என்ன? 1983, 1984 இரண்டு ஆண்டும் பயிற்சியாளர் ஹாவியெர் கிளெமென்தேயின் அணி லீக்கை வென்றது. 1984இல் கோப்பை இறுதியில் மரடோனா இருந்த பார்சிலோனாவையும் 1-0 என்று முடித்தது; ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பும் மைதானத்திலேயே அடித்துக்கொண்டார்கள். வென்றவர்கள் 'கபாரா' என்ற தட்டைப் படகில் ஏறி நெர்வியோன் ஆற்றில் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு படகு கரையிலேயே நின்றது.

கோப்பை இறுதியில் 1985, 2009, 2012, 2015 என்று தோல்வி மேல் தோல்வி. 2012இல் பயிற்சியாளர் பியெல்சாவின் அணி யூரோப்பா லீக் இறுதியிலும் தோற்றது. கொரோனாவால் தள்ளிப்போன 2020 இறுதியும் 2021 இறுதியும் இரண்டு வார இடைவெளியில் வந்தன, இரண்டிலும் தோல்வி. முதலாவதில் தோற்றது யாரிடம் என்று பார்த்தால் ரியால் சொசியதாத்திடம். 2007இல் இன்னும் மோசம்: 17ஆம் இடம், ஒரே ஒரு புள்ளியில் தப்பிப் பிழைத்தார்கள். அந்த வருஷம் இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

2024 கோப்பையின் கதையில் வில்லியம்ஸ் சகோதரர்கள் வராமல் தீராது. பெற்றோர் கானாவிலிருந்து கிளம்பி, சகாராவின் ஒரு பகுதியை நடந்தே கடந்து, ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமுள்ள மெலில்யாவின் வேலியைத் தாண்டி ஸ்பெயினுக்குள் வந்தவர்கள். பில்பாவோவில் உதவிய பாதிரியாரின் பெயரையே மூத்த பிள்ளைக்கு வைத்தார்கள்: இன்யாகி. பாஸ்க் பெயர். தம்பி நிக்கோ பிறந்தது பாம்ப்லோனாவில், நவாராவின் தலைநகரத்தில். இருவரும் ஒசாசுனாவின் வாசலில் வளர்ந்து லெசாமாவுக்கு வந்தவர்கள். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு. 2016 முதல் 2023 வரை இன்யாகி ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 251 ஆட்டம் ஆடினார். சர்ராவின் கோல் கணக்கும் 251தான். இப்படி எண்கள் பொருந்துவதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2024 ஜனவரியில் இன்யாகி கானா அணியோடு ஆப்பிரிக்கக் கோப்பையில் இருந்தார். கானா வெளியேறியது. நேராக விமானம் ஏறி வந்து, 24ஆம் தேதி இரவு பார்சிலோனாவுக்கு எதிரான கோப்பைக் காலிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 2-2 என்று கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில் அண்ணன் ஒரு கோல், கடைசியில் தம்பி ஒரு கோல். 4-2. ஏப்ரல் 6 அன்று செவியா நகரில் மயோர்காவுடன் இறுதி. முதலில் மயோர்கா கோல் போட்டது. நிக்கோ கொடுத்த பந்தில் சான்செத் சமன் செய்தார். பெனால்டிகளில் மயோர்கா இரண்டைக் கோட்டைவிட்டது. பெரெங்குவெர் கடைசிப் பந்தை உள்ளே தள்ளியபோது, 1984 படகு ஊர்வலத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அரங்கில் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்துக் கபாரா கிளம்பியது. ஆற்றின் இரு கரையிலுமாக ஏறக்குறைய பத்து லட்சம் பேர் என்றார்கள். பில்பாவோவின் மக்கள்தொகை மூன்றரை லட்சம்தான்.

2025 கோடையில் நிக்கோவைப் பார்சிலோனா கேட்டது. அவர் 2035 வரை கையெழுத்துப் போட்டுவிட்டு விடுவிப்புத் தொகையையும் ஏற்றிக்கொண்டார். அதே ஆகஸ்டில் இன்னொரு நகர்வு, அதிகம் பேசப்படாதது. லபோர்த்தின் இடத்தை நிரப்ப 3.2 கோடிக்கு வாங்கிய இன்யீகோ மார்த்தினெஸ் இதற்கு முன்பே, 2023இல், காசு எதுவும் தராமல் பார்சிலோனாவுக்குப் போயிருந்தார். இப்போது அங்கிருந்து சவூதியின் அல் நஸ்ருக்குப் போனார். லபோர்த் அப்போது ஆடிக்கொண்டிருந்ததும் அல் நஸ்ரில்தான். அவரை அத்லெட்டிக் திரும்ப எடுக்கப் போனபோது, காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராமல் பிஃபா முதலில் மறுத்து, பின்பு அனுமதித்து, செப்டம்பரில் ஒருவழியாக லபோர்த் பில்பாவோவுக்குத் திரும்பினார். ஆஜானில் பிறந்தவர், லெசாமாவில் வளர்ந்தவர், அப்போது வயது 31.